ஏடு யார் கையில்? நெய்யாற்றின்கரைப் பள்ளிக்கூடங்களும் விக்கியும்

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கலாம். நீங்கள் படித்த பள்ளிக்கூடம் எந்த ஆண்டு தொடங்கியது? அதற்கு நிலம் கொடுத்தது யார்? முதல் தலைமை ஆசிரியர் பெயர் என்ன?

பெரும்பாலோர் தலையைச் சொறிவோம். அதே நாம், வேலை பார்க்கும் இடத்தில் ஒரு சர்வர் எந்த மாதம் வாங்கியது, யார் நிறுவியது, போன வாரம் அதில் யார் கைவைத்தது என்று கேட்டால் இரண்டே நிமிடத்தில் தேடிச் சொல்லிவிடுவோம். நமக்கு நினைவாற்றல் அதிகம் என்பதால் அல்ல. அங்கே ஒரு விக்கி இருக்கிறது, அவ்வளவுதான்.

அலுவலகத்தில் விக்கி வைத்துக்கொள்வது பற்றிக் கணினிக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எந்த மென்பொருள் நல்லது, எப்படி நிறுவுவது என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். நான் சொல்ல நினைப்பது வேறு. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் நம்ம பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குள்ளும் நடந்திருக்கிறது. ஊரை விட்டு வந்து கணினியில் பிழைக்கிற நம்மில் பலருக்கே அது தெரியாது.

வேலையிடத்தில் பிறந்த பிள்ளை

விக்கி என்றதும் விக்கிப்பீடியாதான் நினைவுக்கு வரும். ஆனால் விக்கி கலைக்களஞ்சியம் எழுதுவதற்காகப் பிறந்ததல்ல. ஒரே தொழில் செய்கிறவர்கள் தங்கள் அனுபவத்தைத் தங்களுக்குள் எழுதி வைத்துக்கொள்வதற்காகப் பிறந்தது. அமெரிக்காவில் போர்ட்லண்டைச் சேர்ந்த நிரலர் வார்டு கன்னிங்காம் 1995 மார்ச் 25 அன்று தன் தளத்தில் அதை நிறுவினார். மென்பொருள் வடிவமைப்பில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களையும் அவற்றுக்குக் கண்ட வழிகளையும் நிரலர்கள் எழுதவேண்டும். ஒருவர் எழுதியதை அடுத்தவர் அங்கேயே திருத்தவேண்டும். இதுதான் எண்ணம். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயர் 'விக்கி விக்கி'. ஹவாய் மொழியில் 'சீக்கிரம் சீக்கிரம்' என்று பொருள். அந்தப் பெயரையே வைத்துவிட்டார்.

2001 ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியா தொடங்கியபோது வேறொரு சிறிய விக்கி மென்பொருளில்தான் ஓடியது. கூட்டம் கூடியதும் அது திணறியது. 2002 ஜனவரியில் மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மானிய மாணவர் அதற்கென்றே பிஎச்பியில் புதிதாக ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டில் லீ டேனியல் குரோக்கர் அதை மாற்றி எழுதினார். 2003-ல் அதற்கு மீடியாவிக்கி என்று பெயர் வந்தது. லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி என்று அது நிற்கும் நான்கு கால்களும் கட்டற்ற மென்பொருள்கள். உரிமத்துக்குக் காசு கிடையாது, மூல நிரல் திறந்தே கிடக்கும். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம்.

அதனால்தான் சம்பந்தமே இல்லாத இடங்களுக்கெல்லாம் அது போனது. ரகசியத்தையே தொழிலாகக் கொண்ட அமெரிக்க உளவுத்துறைகள்கூட 2006-ல் இன்டெலிபீடியா என்று தங்களுக்குள் ஒன்றை வைத்திருப்பதாக அறிவித்தன. அதுவும் மீடியாவிக்கிதான். உளவாளிகளுக்கும் பக்கத்து மேசைக்காரனுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாத கவலை இருக்கும் போல :-)

நான் வேலை பார்க்கும் இடத்திலும் யாரும் சீந்தாத ஒரு பழைய கணினியில்தான் மீடியாவிக்கி ஓட ஆரம்பித்தது. பெரிய திட்டம் எதுவும் இல்லை. பதினைந்து வருடம் இருந்த ஒருவர் ஓய்வுபெறப் போகிறார், அவருக்குத் தெரிந்ததை எங்கேயாவது எழுதி வைக்கவேண்டும் என்ற பயம்தான். எழுத எழுதத்தான் அந்த மென்பொருளின் நான்கு குணங்கள் புரிந்தன. ஒன்று, பக்கத்தை வாசிக்கிறவருக்கே 'தொகு' என்ற பொத்தானும் இருக்கிறது. இரண்டு, 'வரலாறு' என்ற பொத்தான்: யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அழியாமல் நிற்கும், தப்பாக மாற்றினால் ஒரே சொடுக்கில் பழையதைத் திரும்பக் கொண்டுவரலாம். மூன்று, 'உரையாடல்' பக்கம்: கருத்து வேறுபட்டால் சண்டையை அங்கே போட்டுக்கொள்ளலாம், கட்டுரை அடிபடாது. நான்கு, 'வழிமாற்று': ஒரே பொருளுக்கு நாலு பெயர் இருந்தால் நாலும் ஒரே பக்கத்தில் கொண்டுபோய் விடும்.

இந்த நான்காவது குணத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லையோர ஊர்க்காரர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மூன்று பெயருள்ள ஊர்

நாம் பாறசாலை என்கிறோம். மலையாளத்தில் 'பாறஸ்ஸால'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பள்ளிகளும் சபைகளும் நடத்திய லண்டன் மிஷன் சங்கத்தாரின் ஆங்கில ஏடுகளில் 'பரேய்ச்சாலி' என்பது போல எழுதியிருக்கும். பழைய மிஷன் ஏடுகளில் ஊரைத் தேடுகிறவர் இந்த மூன்றாவது எழுத்து தெரியாவிட்டால் ஊரைத் தாண்டிப் போய்விடுவார். நெய்யாற்றின்கரைக்கும் நெய்யாற்றங்கரை, நெய்யாற்றிங்கர என்று இதே கதைதான்.

பெயர் மட்டுமா? 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கிடைக்கவில்லை. கோடு இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் விழுந்தது. அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் வேறு மாநிலம் ஆனது. அண்ணன் கையில் கேரள எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், சித்தப்பா மகன் கையில் தமிழ்நாட்டு மார்க் ஷீட். வெளிநாட்டு விசாவுக்குக் காகிதம் திரட்டிய எவருக்கும், ஒரே ஊரை இரண்டு அலுவலகங்கள் இரண்டு விதமாக எழுதி வைத்திருப்பதால் வரும் தலைவலியைச் சொல்லி விளக்கவேண்டியதில்லை.

சட்டம் நம்மை முழுதாக மறந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம், அதே மொழியில் பதில் பெறலாம். கேரளப் பாடப்புத்தகங்கள் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழ், கன்னட வழி மாணவர்களுக்காகவும் அச்சாகின்றன. ஆனால் சட்டத்தில் இருப்பது வேறு, வில்லேஜ் ஆபீஸ் மேசையில் நடப்பது வேறு. பேனாவைப் பிடித்திருப்பவர் எந்த மொழியில் யோசிக்கிறாரோ, அந்த மொழியின் உருவத்தில்தான் நம் பெயரும் ஏட்டில் ஏறுகிறது.

ஏட்டில் பெயர் ஏறுவது அங்கே சின்ன விஷயமாக இருந்ததில்லை

நெய்யாற்றின்கரைத் தாலுகா அன்றைக்கு இன்றைவிடப் பெரியது (காட்டாக்கடை தனித் தாலுகாவாகப் பிரிந்தது 2014-ல்தான்). அங்கே ஊரூட்டம்பலம் என்றொரு கிராமம். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, அய்யங்காளி அங்குள்ள பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமி என்ற புலையர் வீட்டுச் சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துப்போனார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பள்ளிப் பதிவேட்டில் அந்தக் குழந்தையின் பெயர் ஏறவேண்டும், அவள் பெஞ்சில் உட்காரவேண்டும். மேல்சாதியார் பொறுக்கவில்லை. பெரும் கலவரம் நடந்தது, பள்ளிக்குத் தீ வைத்தார்கள். தீயில் தப்பிய ஒரு பெஞ்சை அந்தப் பள்ளி பாதுகாத்து வைத்திருக்கிறது. 2022-ல்தான் அந்த அரசுப் பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பட்டது.

பதிவேட்டில் ஒரு வரி எழுதுவதற்காக ஒரு பள்ளிக்கூடமே எரிந்த ஊர் அது. அந்த வரலாற்றை இத்தனை காலம் தாங்கியது எது? ஒரு பெஞ்சும், பாட்டிமார் சொன்ன கதைகளும், சில ஆய்வாளர்களின் புத்தகங்களும்.

இன்னொன்று. 'சுதேசாபிமானி' பத்திரிகையின் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை நெய்யாற்றின்கரைக்காரர். திவானின் ஆட்சியைத் தாக்கி எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26 அன்று அவரைத் திருவிதாங்கூரிலிருந்தே நாடு கடத்தினார்கள். வக்கம் அப்துல் காதர் மௌலவிக்குச் சொந்தமான அந்த அச்சகத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அச்சு இயந்திரம் ஒன்றே ஒன்று என்றால் அதைத் தூக்கிவிட்டால் போதும், எழுத்து நின்றுவிடும். எழுதும் கருவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் அன்றைக்கும் கேள்வி, இன்றைக்கும் கேள்வி.

ஆசிரியர்கள் கேட்ட கேள்வி

இந்தக் கேள்வி கணினி உருவத்தில் கேரளப் பள்ளிகளுக்கு வந்தது 2001-க்குப் பிறகு. அந்த ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. பேராசிரியர் யு. ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி அரசு 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. ஜூலையில் ரிச்சர்டு ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். இரண்டும் ஒரே ஊரில் நடந்தாலும் உடனே கைகோத்துவிடவில்லை. பள்ளிகளுக்கு வந்த பாடமும் பயிற்சியும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்களைச் சுற்றியே இருந்தன.

கே.எஸ்.டி.ஏ. என்ற ஆசிரியர் சங்கம் இதை எதிர்த்தது. அரசியல் இருந்ததா? இருந்தது, இடதுசாரிச் சங்கம்தானே. ஆனால் அந்த எதிர்ப்புக்குள் ஒரு தொழில் நியாயமும் இருந்தது. பாடத்திட்டம் அரசுடையது, பிள்ளைகள் நம்முடையவர்கள், கரும்பலகை மட்டும் ஏன் ஒரு கம்பெனியுடையதாக இருக்கவேண்டும்? சாக்பீஸ் தீர்ந்தால் வாங்கிக்கொள்ளலாம். உரிமம் தீர்ந்தால் வகுப்பையே பூட்டவேண்டுமா?

2005-ல் எஸ்.எஸ்.எல்.சி.க்கு ஐ.டி. தேர்வு வந்தபோது விண்டோஸ், லினக்ஸ் இரண்டில் எதிலும் எழுதலாம் என்றார்கள். 2006-ல் வி. எஸ். அச்சுதானந்தன் முதலமைச்சரானார், ஸ்டால்மன் மறுபடி வந்து அவரைச் சந்தித்தார். 2007-ன் தகவல் தொழில்நுட்பக் கொள்கை கட்டற்ற மென்பொருளை வெளிப்படையாகவே முன்னால் வைத்தது. 2008-ல் ஐ.டி. தேர்வு முழுவதும் லினக்ஸுக்கு மாறிவிட்டது.

இந்த மாற்றத்தைச் சுமந்தவர்கள் மென்பொருள் வல்லுநர்கள் அல்ல. கணக்கு சாரும் பயாலஜி டீச்சரும்தான். ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் எஸ்.ஐ.டி.சி., அதாவது பள்ளியின் ஐ.டி. ஒருங்கிணைப்பாளர். வகுப்பும் எடுக்கவேண்டும், லேபையும் பார்த்துக்கொள்ளவேண்டும். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் டிரெய்னர்களும் ஆசிரியர்களே. பழுதான கணினிகளை ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து பிரித்துச் சரிசெய்ய 'ஹார்டுவேர் கிளினிக்' நடத்தினார்கள்.

இதே காலத்தில் எல்லைக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது? தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனத்தில் சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார், பள்ளிகளுக்கும் லினக்ஸ் கணினிகளை வாங்கவைத்தார். துணிச்சலான வேலை. ஆனால் அது பெரும்பாலும் ஓர் அதிகாரியின் முனைப்பாகவே இருந்தது. அவர் மாற்றலாகிப் போனதும் வேகம் குறைந்தது. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. பிள்ளைகள் எதைத் திறந்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இஞ்சிவிளையிலிருந்து களியக்காவிளைக்கு நடந்தே போய்விடலாம். மென்பொருளும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே? ஒரு பக்கம் மேலிருந்து ஓர் ஆணை வந்தது. மறுபக்கம் ஸ்டாஃப் ரூமில் சண்டை போட்டு, பழகி, தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஆணை போட்டவர் மாறலாம், பழகிய கை மாறாது. அலுவலகங்களில் விக்கி தோற்பதற்கும் ஜெயிப்பதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

44-ல் தொடங்கும் எண்

2009-ல் ஐ.டி. அட் ஸ்கூல் அடுத்த காரியத்தைத் தொடங்கியது. அதுதான் ஸ்கூல்விக்கி. மீடியாவிக்கியில் ஓடும் தளம், கேரளத்தின் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பக்கம். முதலில் உயர்நிலைப் பள்ளிகள், பிறகு எல்.பி., யு.பி. பள்ளிகளும் சேர்ந்தன. இன்று பதினைந்தாயிரம் பள்ளிகளுக்கு மேல் அதில் இருக்கின்றன. 2017-ல் ஐ.டி. அட் ஸ்கூல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. ஸ்கூல்விக்கி அதன் பொறுப்பில் தொடர்கிறது. இதை வளர்க்க முன்னின்று உழைத்த மலப்புறத்து ஆசிரியர் கே. சபரீஷின் நினைவாகத்தான் நல்ல பள்ளிப் பக்கங்களுக்கு விருது கொடுக்கிறார்கள்.

கேரளப் பள்ளிகளுக்கு ஐந்து இலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் கல்வி மாவட்டத்தைக் குறிக்கும். வடக்கே காசர்கோட்டில் 11 என்று ஆரம்பித்து தெற்கே இறங்கி வந்தால் ஆற்றிங்கல் 42, திருவனந்தபுரம் 43, கடைசியாக நெய்யாற்றின்கரை 44. ஒரு முனையில் கன்னடம் பேசும் எல்லை, மறுமுனையில் தமிழ் பேசும் எல்லை. பாறசாலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் படித்தவர் என்றால் உங்கள் பள்ளியின் எண்ணும் 44-ல்தான் தொடங்கும்.

ஒரு பள்ளிப் பக்கத்தில் என்ன இருக்கும்? பள்ளியின் வரலாறு, கட்டடங்கள், முன்னாள் தலைமை ஆசிரியர்களின் பட்டியல், புகழ்பெற்ற பழைய மாணவர்கள், வரும் வழி. பல பள்ளிகளில் 'என் கிராமம்' என்று ஊரைப் பற்றி ஒரு பக்கம், வட்டாரச் சொற்களுக்கும் வழக்கங்களுக்கும் 'நாடோடி விஞ்ஞானகோசம்' என்று ஒரு பக்கம். 2020 ஏப்ரலில் கொரோனாவால் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது 'அட்சரவிருட்சம்' என்ற பெயரில் அவர்கள் எழுதிய கதை, கவிதை, கட்டுரைகளைப் பல்லாயிரக்கணக்கில் ஏற்றினார்கள்.

இதோடு 'சம்பூர்ணா' என்ற இன்னொரு மென்பொருளையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். மாணவர் சேர்க்கை, டி.சி. எல்லாம் அதில்தான். ஃபெடெனா என்ற திறமூலப் பள்ளி மேலாண்மை மென்பொருளைத் தங்களுக்கு ஏற்ப மாற்றி அமைத்தது. அது பூட்டிய ஏடு. அப்படித்தான் இருக்கவேண்டும், பிள்ளைகளின் பிறந்த தேதியை ஆளாளுக்குத் திருத்த விடமுடியாது. ஸ்கூல்விக்கி திறந்த ஏடு. ஒரு வேலையிடத்துக்கு இரண்டும் வேண்டும். எதைப் பூட்டவேண்டும், எதைத் திறக்கவேண்டும் என்று பிரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நம் ஊர் அலுவலகங்கள் பலவும் எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டு, கடைசியில் சாவியையும் தொலைத்துவிடும்.

காசுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-ல் கைட் சொன்னது. உரிமத்துக்கு முழு விலை கொடுத்திருந்தால் என்ற கணக்கு அது. பேரம் பேசினால் குறைந்திருக்கும். எனக்கு அந்தத் தொகையைவிட, எழுதப் பழகிய ஆசிரியர்கள் பெரிதாகத் தெரிகிறார்கள்.

எழுதாமல் விட்டவை

எல்லாம் பொன்னாக மின்னுகிறது என்று சொல்லவரவில்லை. சில பள்ளிப் பக்கங்கள் ஒரு சிறு புத்தகம் அளவுக்கு இருக்கின்றன. சில பக்கங்களில் நாலு வரியோடு சரி. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் இருந்தால் பக்கம் வளரும், அவர் மாற்றலாகிப் போனால் அப்படியே நிற்கும். நம் அலுவலக விக்கிகளுக்கும் இதுதான் தலைவிதி.

மொழிச் சிக்கலும் உண்டு. ஸ்கூல்விக்கி பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கிறது, அது இயல்புதான். ஆனால் நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பழைய கதைகளில் பாதி தமிழில் கிடக்கிறது. மிஷன் காலத்துச் சபை ஏடுகள், தமிழ் வகுப்புகளில் படித்த தாத்தாமார், பாலராமபுரத்தில் திருவிதாங்கூர் அரசு வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய நெசவுக் குடும்பங்கள்... மென்பொருளுக்கு இதில் எந்தத் தடையும் இல்லை. யூனிகோடில் தமிழும் மலையாளமும் ஒரே பக்கத்தில் சண்டையில்லாமல் உட்காரும். 'பாறசாலை' என்று தேடினாலும் மலையாளப் பெயரில் தேடினாலும் ஒரே இடத்துக்குப் போக ஒரு வழிமாற்று போதும். 1956-ல் கோடு போட்டவர்களால் செய்யமுடியாததை இந்த ஒற்றை வரி செய்துவிடுகிறது. எழுத ஆள்தான் வேண்டும்.

எங்கள் உறவில் அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற சார் ஒருவர் இருக்கிறார். ஊருக்குப் போயிருந்தபோது பள்ளிக்கூட வரலாறு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "ரிஜிஸ்டர்ல உள்ளது தேதி மட்டுந்தான் மக்களே. நடந்ததெல்லாம் எங்கள மாதிரி கிழடுக தலைக்குள்ளதான் கெடக்கு. நாங்க போனா அதும் போச்சு" என்றார். ஞான மேலாண்மை என்று பெரிய பெரிய நிறுவனங்கள் கருத்தரங்கு நடத்திச் சொல்வதை அவர் திண்ணையில் உட்கார்ந்து மூன்று வரியில் சொல்லிவிட்டார்.

ஓர் உதாரணம் மட்டும். கர்நாடக இசைப் பாடகி பாறசாலை பி. பொன்னம்மாள் (1924–2021) பெயரிலேயே ஊரைச் சுமந்தவர். திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடுவதில்லை என்ற வழக்கத்தை உடைத்து 2006-ல் அங்கே முதலில் பாடியவர் அவர்தான். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பாறசாலை என்றால் ரயில் நிற்கும் இடம் என்றுதானே சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

தூரத்தில் இருப்பவர்கள் செய்தது, செய்யக் கூடியது

'ஊரிலேயே இல்லாத நாம் என்ன செய்யமுடியும்?' என்று தோன்றலாம். இதற்கும் வரலாறே பதில் சொல்கிறது. மலையாள விக்கிப்பீடியா 2002 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவில் இருந்த வினோத் என்ற மலையாளியின் முயற்சியில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் வந்தபோது அதைத் தோளில் தூக்கியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். அப்போது அவர் வேலை பார்த்தது அமீரகத்தில். அலுவலகம் முடிந்து வந்து எழுதி எழுதியே ஆயிரக்கணக்கான கட்டுரைகளைச் சேர்த்தார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-க்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காக்கும் நூலகம் திட்டம் 2005-ல் தொடங்கியது. அதன் தளமும் மீடியாவிக்கியில் எழுந்ததுதான். ஒரு நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம், அடுத்த நூலகத்தை ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்று கற்றுக்கொண்டது.

ஆக, ஊரைப் பற்றி எழுத ஊரில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. நமக்கு இந்தக் கருவி பழக்கமானது, தினமும் கம்பெனிக்காகச் செய்கிற வேலைதான். என் பட்டியல் இது:

முதலாவது, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பள்ளிக் குழுப்படத்தை ஸ்கேன் செய்யுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை அம்மா அப்பாவிடம் இன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படம் இன்னும் ஐம்பது வருடம் இருக்கும், பெயர் சொல்லும் ஆள் இருக்கமாட்டார்.

இரண்டாவது, ஸ்கூல்விக்கியில் உங்கள் பள்ளியின் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். பக்கத்தைக் கவனிப்பவர்கள் அந்தப் பள்ளி ஆசிரியர்கள்தான். முன்னாள் தலைமை ஆசிரியர் பட்டியலில் இடைவெளி இருந்தால், உங்களுக்குத் தெரிந்த பெயரையும் ஆண்டையும் பள்ளிக்கு எழுதி அனுப்புங்கள். சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, ஊரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் நீங்களே எழுதலாம். ஆதாரம் காட்டவேண்டும், சொந்தப் பெருமை கூடாது. பெயரின் எல்லா வடிவங்களுக்கும் வழிமாற்று போட மறக்காதீர்கள்.

நான்காவது, ஊரில் கடையோ, ஆஸ்பத்திரியோ, சங்கமோ நடத்தும் உறவினர்கள் இருந்தால், பழைய கணினி ஒன்றில் ஒரு சின்ன விக்கியை அமைத்துக் கொடுங்கள். மீடியாவிக்கி பெரிதாகத் தெரிந்தால் ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் கோர் 2004-ல் வெளியிட்ட டோக்குவிக்கி இருக்கிறது. தரவுத்தளம்கூடத் தேவையில்லை, வெறும் எழுத்துக் கோப்புகளிலேயே ஓடும். மென்பொருளை நிறுவிக் கொடுத்துவிட்டு விலகிவிடாமல், முதல் பத்துப் பக்கங்களை அவர்களோடு உட்கார்ந்து அவர்கள் கையாலேயே எழுதவையுங்கள். காலியான விக்கியில் யாரும் எழுதமாட்டார்கள்.

வாராவாரம் ஊருக்கு அழைத்துப் பேசுகிறோம். மழை, விலைவாசி, கல்யாணம், மரணம் எல்லாம் விசாரிக்கிறோம். இந்த வாரம் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நம்ம பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தது யாரு?" பதில் வந்தால் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஊரூட்டம்பலத்தில் ஒரு சிறுமியின் பெயரை ஏட்டில் ஏற்றுவதற்கு என்ன விலை கொடுக்கவேண்டியிருந்தது என்று பார்த்தோம். இப்போது ஏடு திறந்திருக்கிறது. நம் பங்குக்கு ஒரு வரியாவது எழுதுவோம்.